நாய்ப்பாயிரம்

நூல் செய்பவன் முதலில் தன் தகுதியைச் சொல்லிவிட வேண்டும் என்பது மரபு. மேல்நிலை வகுப்புகளுக்கு 28 ஆண்டுகள் தமிழ் இலக்கணம் நடத்தியவன் நான். ஓய்வு பெற்ற ஐந்தாம் மாதம் மகள் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தாள். உள்ளே ஒரு லாப்ரடார் குட்டி. "ரெண்டே மாசம்ப்பா. பெங்களூர்ல நாய்க்கு ஒத்துக்கிற வீடு கிடைச்சதும் கூட்டிட்டுப் போயிடறேன்" என்றாள். மூன்றரை ஆண்டு ஆகிறது. குட்டி இப்போது 32 கிலோ. குரோம்பேட்டையில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டின் ஹாலில், மின்விசிறிக்கு நேர் கீழே, வருகிறவர் போகிறவர் எல்லாம் தாண்டிச் செல்லும்படி படுத்திருக்கிறது.

இந்த மூன்றரை ஆண்டில், நாயைப் பழக்குவது பற்றி அகப்பட்ட ஆசிரியர் எல்லாரிடமும் பாடம் கேட்டேன். யூடியூபில் ஒருவர் விதித்ததை அடுத்தவர் விலக்கினார். மைதானத்தில் வாக்கிங் வருகிறவர்கள் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். கடைசியில் விடை என் அலமாரியிலேயே, கரையான் ருசி பார்த்த அட்டையோடு கிடந்தது: பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் செய்த நன்னூல். அதன் முன்பகுதியான பொதுப்பாயிரம்.

பாடம் கேட்கும் முறையை அங்கே வகுக்கிறார் முனிவர். மாணாக்கன் ஆசிரியனின் குணம் அறிந்து பழக வேண்டும். அவன் குறிப்பை ஒட்டி நடக்க வேண்டும். இரு என்றால் இருக்க வேண்டும், சொல் என்றால் சொல்ல வேண்டும், போ என்றால் போக வேண்டும். 28 ஆண்டுகளில் இப்படி ஒரு மாணவனை நான் கண்டதில்லை. இன்றைய பயிற்சியாளர்கள் சிட், ஸ்பீக், கோ என்று காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தருவது இந்த மூன்றைத்தான். இன்னும் கேளுங்கள். மாணவன் ஓவியப் பாவைபோல அசையாமல், செவியே வாயாகப் பருகுபவனைப்போல ஆர்வத்தோடு நிற்க வேண்டுமாம். கையில் ஒரு மேரி பிஸ்கட்டோடு லாப்ரடார் முன்னால் நின்று பார்த்தவருக்கு இதற்கு மேல் உரை தேவையில்லை. ஆசிரியனோடு நடக்கும்போது தீக்காய்பவனைப்போல ரொம்ப நெருங்காமலும் ரொம்ப விலகாமலும், நிழல்போல் பிரியாமலும் வர வேண்டும் என்பது இன்னொரு விதி. லீஷ் தொய்வாகத் தொங்க நாய் கூடவே நடப்பதை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொல்லிவிட முடியாது.

ஆகவே பொதுப்பாயிரம் நாயை நோக்கியே எழுந்தது என்பது என் துணிபு.

அற்றேல், மாணாக்கருக்கு உவமை சொன்ன இடத்தில் நாய் ஏன் இல்லை? அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என எட்டைச் சொன்னவர் நாயை விட்டாரே எனின், அற்றன்று. உவமிக்கப்படும் பொருளே உவமையாகவும் வருதல் குற்றம். அது அஞ்சி விட்டார் எனக் கொள்க.

ஒரே ஓர் இடையூறு உண்டு. பாடம் சொல்லத் தகாதவர் என்று முனிவர் தரும் நீண்ட பட்டியலில் சோம்பேறியும் கள்வனும் தூங்குமூஞ்சியும் இருக்கிறார்கள். எங்கள் வீட்டு நாய் மூன்றிலும் தேறும். ஆறு மெதுவடையை எடுத்துக்கொண்டு சட்டினியை மட்டும் தொடாமல் வைத்தது களவில் ஒரு நுட்பம். இந்த இடையூற்றைப் பிறகு பார்க்கலாம்.

பெயரியல்

தொல்காப்பிய மரபியலின்படி நாயின் இளமைப்பெயர் குருளை. பெண் நாய்க்குப் பெயர் பாட்டி. எதிர்வீட்டுப் பொமரேனியன் பெண்தான். ஆனால் அந்த வீட்டில் உண்மையாகவே ஒரு பாட்டி இருப்பதால் இந்தச் செய்தியை நான் அங்கே கொண்டுபோகவில்லை.

எங்கள் நாய்க்கு மகள் இட்ட பெயர் மோக்கா. என் மனைவியின் நாவில் அது மூக்காவாகி, வாட்ச்மேன் வாயில் மூக்கனாகி நிலைத்தது. மரூஉ. இதில் எனக்கு வருத்தமில்லை. மூக்கைத் தவிர அதற்கு வேறு உறுப்பு இருப்பதாகவே வெளியே போகும்போது தெரியாது.

பெயர் விஷயத்தில் கவனிக்க வேண்டியது வேறு. பெயர் என்பது நாய்க்கு "இங்கே பார்" என்னும் ஒரே பொருளைத் தர வேண்டும். பார்த்ததும் நல்லது நடக்க வேண்டும். எங்கள் வீட்டிலோ, "மூக்கா! வேணாம் மூக்கா! மூக்கா, செருப்ப வை!" என்று பெயர் முழுக்கத் திட்டுச்சொல்லாகவே வழங்கியது. ஆறு மாதத்தில் அதன் காதில் அது விழுவதே நின்றுபோயிற்று. வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும்போது கடைசி பெஞ்சு ஆட்கள் காட்டும் அதே செவிட்டுத்தனம். ஒரு வாரம் பெயரைச் சொல்லி, திரும்பிப் பார்த்தால் ஒரு துண்டு கேரட், வேறு எதற்கும் பெயரைச் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்ட பிறகுதான் பெயருக்கு மறுபடி உயிர் வந்தது.

சொல்லியல்

தமிழ்நாட்டு நாய்களின் தாய்மொழி ஆங்கிலம். மனைவியிடம் தமிழ், மளிகைக்கடையில் தமிழ், பேங்க் மேலாளரிடம்கூடத் தமிழ் பேசும் மனிதர், நாயைக் கண்டதும் "கம் கம்", "சிட்", "நோ நோ பேட் பாய்" என்கிறார். இறக்குமதி நாய்க்கு அது பொருந்தும் என்று விட்டுவிடலாம். இந்திய அஞ்சல்துறை 2005இல் தபால்தலை வெளியிட்டுக் கொண்டாடிய ராஜபாளையம் நாயிடமும் அதேதான். சிப்பிப்பாறையிடமும் அதேதான்.

நான் விடுவேனா? "இரு", "வா", "படு", "விடு" என்று நான்கு ஏவல் வினைகளோடு தொடங்கினேன். மூக்கன் உட்காருவதும் எழுவதுமாகக் குழம்பியது. ஒரு நாள் முழுக்க வீட்டில் பேசுவதை உன்னித்துக் கேட்டபோதுதான் காரணம் விளங்கிற்று. "இரு வரேன்", "இருடி, போன் அடிக்குது", "உப்பு எங்க இருக்கு", "இருக்கட்டும் விடுங்க." ஒரு மணி நேரத்தில் நாற்பது "இரு". அதில் எது தனக்கு என்று நாய் எப்படிப் பிரித்தறியும்? ஏவும் சொல் அன்றாடப் பேச்சில் புழங்காத சொல்லாக இருக்க வேண்டும், ஒரு செயலுக்கு ஒரே சொல்லாக இருக்க வேண்டும் என்பதே விதி. ஆங்கிலம் தமிழ்வீட்டு நாய்க்கு எளிதாகப் படுவதன் இரகசியமும் இதுதான்: வீட்டில் வேறு யாரும் ஒரு நாளைக்கு நாற்பது முறை "சிட்" என்பதில்லை.

வீட்டில் யாரும் பேசாத தமிழும் உண்டே. அதைத்தான் நான் இருபத்தெட்டு ஆண்டு நடத்தினேன். வியங்கோளுக்கு மாறினேன். "அமர்க." "வருக." "விடுக." ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டது. கீழே கார் நிறுத்துமிடத்தில் நான் "வருக" என்று குரல்கொடுக்க, 32 கிலோ லாப்ரடார் ஓடிவந்து காலடியில் நிற்பதைப் பார்த்து, கல்யாண மண்டப வாசலில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்றார் வாட்ச்மேன்.

இந்தப் பெருமிதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரை நீடித்தது. மனைவி கையில் மாவு. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு "அமர்க" என்றாள். மூக்கன் நின்றபடியே பார்த்தது. மறுபடி "அமர்க." தலையைச் சாய்த்துக்கொண்டது. எனக்குள் ஓர் ஐயம் எழுந்தது. பிஸ்கட் பிடிப்பதுபோல வலக்கையை நெஞ்சுவரை உயர்த்தி, "வினையெச்சம்" என்றேன். உட்கார்ந்தது. எழுப்பிவிட்டு, "இருபெயரொட்டுப் பண்புத்தொகை" என்றேன். இன்னும் விரைவாக உட்கார்ந்தது.

எனவே நூற்பா:

இருக்கச் சொல்லின் இருப்பதும் எழுவதும்
கொடுப்பவன் கையின் குறிப்பறிந் தற்றே.

பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை கணக்குப் போடுவதாகப் பேர் பெற்றிருந்தது. கூட்டல் கழித்தல் கேட்டால் காலால் தட்டி விடை சொல்லும். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் சோதித்து 1907இல் உண்மையை வெளியிட்டார். சரியான எண் வந்ததும் கேள்வி கேட்பவரின் தலை தம்மை அறியாமல் மிக மெல்ல அசைகிறது. குதிரை படித்தது அதைத்தான். கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. மாணாக்கன் ஆசிரியனின் குறிப்பை ஒட்டி நடக்க வேண்டும் என்று முனிவர் சொன்னதை ஹான்ஸ் சொல்லுக்குச் சொல் கடைப்பிடித்திருக்கிறது. நாய்க்குக் கை முதற்சொல், வாய் இரண்டாம் சொல். முதலில் வாயால் சொல்லி, ஒரு நொடி விட்டு, பிறகு கையசைத்து, நாளாவட்டத்தில் கையைக் குறைத்துக்கொண்டே வந்தால்தான் சொல் நிற்கும். இதற்கு எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

ஆசிரியரியல்

நாயின் குற்றம் நாயிடத் தில்லை;
வாயின் குற்றம் வளர்ப்போன் மேற்றே.

நாய்களை வகைப்படுத்தும் நூல்கள் எண்ணிறந்தன. வளர்ப்போரை வகைப்படுத்திய நூல் நன்னூல் ஒன்றே. நல்லாசிரியனுக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் என நான்கு உவமை சொல்கிறது. அப்படிப்பட்டவரை எங்கள் அடுக்ககத்தில் இதுவரை காணாமையால் அதை விட்டு, ஆசிரியர் ஆகாதவர் என்று அது சொல்லும் நால்வரை எடுத்துக்கொள்கிறேன். இவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு.

முதலாமவர் கழற்குடம். கழற்சிக்காயைப் போட்டு வைத்த குடத்தைக் கவிழ்த்தால், போட்ட வரிசையில் காய் வராது. இந்த வீட்டில் சோபாவில் ஏறுவது திங்கள் முதல் வெள்ளிவரை குற்றம், ஞாயிறு கிரிக்கெட் மேட்சின்போது பாசம். அப்பா "கீழே இறங்கு" என்பார், அம்மா "படுத்துட்டுப் போகட்டும்" என்பாள், பையன் போர்வை போர்த்துவான். நாய் விடாப்பிடியாக ஏறிப் பார்க்கும். அதன் மேல் பிழையில்லை, அது நிகழ்தகவு படிக்கிறது.

இரண்டாமவர் மடற்பனை. கருக்குமட்டை சூழ்ந்த பனை தன்மேல் யாரையும் ஏறவிடாது. பழம் தானாக விழும்போது எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இவர் தமக்குத் தோன்றியபோது கொஞ்சுவார், தோன்றியபோது அடிப்பார். நாய் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தது என்பது அவர் கணக்கில் வராது. அமெரிக்காவின் எட்வர்ட் தார்ண்டைக் 1898இலேயே பூனைகளைப் பெட்டியில் அடைத்துப் பார்த்து, நல்ல பலன் தந்த செயலை விலங்கு திரும்பச் செய்யும் என்று காட்டிவிட்டார். ஆனால் பலன் செயலின் வாலைப் பிடித்துக்கொண்டே வர வேண்டும், ஓரிரு நொடிக்குள். தாமதித்து வந்தால் அது வேறு செயலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

நான் பல மாதம் மடற்பனையாக இருந்தேன். மதியம் இரண்டு மணிக்குக் கடித்த செருப்புக்கு நாலரைக்கு நீதிமன்றம் கூடும். செருப்பைத் தூக்கிக் காட்டினால் மூக்கன் காதை மடித்து, கண்ணைத் தாழ்த்தி, வாலை ஒடுக்கிக்கொள்ளும். "பாருங்க, தப்பு செஞ்சது தெரியுது அதுக்கு" என்பாள் மனைவி. நானும் அப்படித்தான் நம்பினேன். அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 14 நாய்களை வைத்து 2009இல் இதைப் பிரித்துப் பார்த்துவிட்டார். குற்றம் செய்யாத நாயும் உரிமையாளர் திட்டினால் அதே முகத்தைக் காட்டுகிறது. அது குற்ற உணர்ச்சியின் முகமில்லை, திட்டுகிறவரைக் கண்ட முகம். நாலரை மணிக்கு என் முகம் எப்படி இருந்தது என்பதைத்தான் மூக்கன் எனக்குத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாமவர் பருத்திக்குண்டிகை. குறுகிய வாய்க் குடுக்கையில் பஞ்சை அடைத்தால், அடைப்பதும் கொஞ்சம் கொஞ்சமாக, எடுப்பதும் கொஞ்சம் கொஞ்சமாக. முனிவர் இதைக் குற்றம் என்கிறார். இந்த ஓரிடத்தில் நான் மாறுபடுகிறேன். நாய்க்கு இப்படித்தான் தர வேண்டும். வேகவைத்த கோழிக்கறி சுண்டைக்காய் அளவு, ஒன்று. அடுத்த சரியான செயலுக்கு இன்னொன்று. முழுச் சப்பாத்தியைத் தூக்கிப் போட்டால் பாடம் அதோடு முடிந்தது. லாப்ரடாராக இருந்தால் இடுப்பும் முடிந்தது. (வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு நஞ்சு. சாம்பார் சாதத்தைப் பாசத்தோடு ஊட்டுகிறவர்கள் வெங்காயத்தை நினைத்துக்கொள்ளவும்.)

இடையில், முனிவர் சொல்லாத ஒருவர். வீட்டுக்கே வந்து பழக்கித் தருவதாகச் சொன்ன ஒரு பயிற்சியாளர், உள்பக்கம் முள் வைத்த செயினோடு வந்தார். "நீங்க ஆல்பாவா இருக்கணும் சார். அது சாப்பிடறதுக்கு முன்னாடி நீங்க சாப்பிடணும்." என் மனைவி சாப்பிடுவதற்கு முன்னால் 30 ஆண்டாகச் சாப்பிட்டு வருகிறேன். அதனால் இந்த வீட்டில் எனக்கு ஏதும் அதிகாரம் வந்ததாகத் தெரியவில்லை. இந்த ஆல்பா கொள்கை, ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் வைத்துப் பார்த்த பழைய ஆய்விலிருந்து கிளம்பியது. 1947இல் ருடால்ஃப் ஷெங்கெல் எழுதியது. அதைப் பரப்பிய நூல்களில் ஒன்றை 1970இல் எழுதிய டேவிட் மீச் என்பவரே, காட்டில் ஓநாய்களைக் கண்ட பிறகு, கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999இல் எழுதித் திருத்திக்கொண்டார். திருத்தம் குரோம்பேட்டைக்கு இன்னும் வந்து சேரவில்லை. அந்த முள் செயின் மூக்கன் கழுத்தில் நான்கு நாள் இருந்தது. ஐந்தாம் நாள் அந்த மனிதரின் பைக் சத்தம் கேட்டதும் அது கட்டிலுக்கடியில் போய் நுழைந்துகொண்டது. மீதிப் பணம் திரும்பி வரவில்லை, அது போகட்டும்.

நான்காமவர் முடத்தெங்கு. ஒருவர் தண்ணீர் ஊற்றி வளர்த்த தென்னை, வளைந்து போய் அடுத்த வீட்டு முற்றத்தில் தேங்காய் போடும். இதற்கு உரை எழுத எனக்குள்ள தகுதி வேறு யாருக்கும் இல்லை.

காலை பத்தரைக்கு வீட்டு வேலை செய்யும் அம்மா வருவார். எங்கள் மேலே, விருந்தினர் மேலே, கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் மேலே, ஒருமுறை மாவட்டக் கல்வி அலுவலராக இருந்த என் பழைய நண்பர் மேலே, இரண்டு முன்னங்காலையும் தூக்கித் தோளில் போடும் அதே மூக்கன், அந்த அம்மாவைக் கண்டதும் நடந்து போய், உட்கார்ந்து, வாலால் மட்டும் தரையைப் பெருக்கும். கறி வாங்கி வேகவைத்து, ஊசிக்கும் மருந்துக்கும் காசு கொடுத்து, மழையில் குடை பிடித்து அழைத்துப்போகிறவன் நான். மரியாதை அவருக்கு.

ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"எனக்கு நாய்னா பயம் சார். மொத நாள் மேல தாவ வந்துச்சு. ஓடினா தொரத்தும்னு கைய மடக்கி அப்படியே நின்னுட்டேன். மூஞ்சியப் பாக்கல. கொஞ்ச நேரம் குதிச்சிச்சு, அப்புறம் சலிச்சுப் போய் உக்காந்துருச்சு. பையில டீக்கடைப் பொறை இருந்துச்சு, தெருநாய்க்குன்னு வாங்கினது. ஒண்ணு போட்டேன். அடுத்த நாளும் அப்படித்தான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நீங்கதான் சார் 'டவுன் டவுன்'னு கத்திக்கிட்டே ரெண்டு கையாலயும் புடிச்சுத் தள்றீங்க. அது வெளையாட்டுன்னுல்ல நெனைக்குது."

நாலு காலும் தரையில் இருந்தால் பொறை, இல்லாவிட்டால் மரம்போல ஓர் ஆள். இருபது புத்தகம் சொல்வதைப் பயம் ஒரே நாளில் சொல்லிக்கொடுத்திருக்கிறது. மறுநாளிலிருந்து நானும் வீட்டுக்குள் நுழையும்போது கைமடக்கி நிற்கப் பழகினேன். எனக்குப் பதினொரு நாள் பிடித்தது. நாய்க்கு ஐந்து.

சும்மாவியல்

சும்மா கிடப்பது நாயெனின் அதற்கும்
கூலி உண்டெனக் கூறல் வேண்டும்.

நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். பழமொழி நாயை நன்றாகப் பார்த்திருக்கிறது, வீட்டைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு நாள் கணக்கை எடுத்துப் பார்த்தேன். மூக்கன் குரைத்தால் மூன்று பேர் எழுந்து வருகிறோம். மூக்கால் முழங்கையை இடித்தால் தலையைத் தடவுகிறோம். செருப்பைத் தூக்கினால் வீடே அதன் பின்னால் ஓடுகிறது. அதைவிட உயர்ந்த விளையாட்டு அதற்கு ஏது? சாதுவாகப் படுத்திருந்தால் "அப்பாடா, எழுப்பிடாதீங்க" என்று நுனிக்காலில் நடந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறோம். ஆர்ப்பாட்டத்துக்கு நாள் முழுக்கக் கூலி, அமைதிக்குச் சல்லிக்காசு இல்லை. இப்படி ஓர் அலுவலகம் நடத்தினால் அதில் யார் அமைதியாக உட்காருவார்கள்?

ஆகையால் சும்மா இருத்தலையே ஒரு செயலாகக் கொண்டு கூலி கொடுக்கத் தொடங்கினேன். சைவர்கள் பெருந்தவமாகச் சொன்னதைக் கோழித்துண்டுக்குச் செய்ய வைப்பது சரியா என்ற கேள்வி எழுந்தது. ஒதுக்கிவிட்டேன்.

ஹாலின் ஓரத்தில் பழைய கோரைப்பாய் ஒன்று. மாலை நாலரை, காப்பி, பேப்பர். மூக்கன் தானாக வந்து பாயில் படுக்கிறது. நான் பெயரைச் சொல்வதில்லை, "குட் பாய்" சொல்வதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை. பேப்பரை மடிக்காமலே குனிந்து, அதன் முன்னங்கால்களுக்கு இடையில் ஒரு சுண்டைக்காய் அளவு கறியை வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். எழுந்தால் கை பின்வாங்கும். படுத்தால் கை வரும். முதல் வாரம் அது என் கையையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு, ஸ்பிரிங்போல விறைத்துப் படுத்திருந்தது. அது அமைதி இல்லை, தேர்வறை. இரண்டாம் வாரம் ஒரு பக்கமாக இடுப்பைச் சாய்த்தது. அந்தச் சாய்வுக்கு இரண்டு துண்டு. மூன்றாம் வாரம் தாடையைத் தரையில் வைத்து, மூக்கு வழியாக நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. அந்தப் பெருமூச்சுக்காக நான் தலையங்கத்தை மூன்று முறை திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு காத்திருந்தேன்.

இதற்குக் குறுக்கே நின்றது சாப்பாட்டு மேசை. பத்து முறை மூக்கை நீட்டினால் ஒன்பது முறை "போடா", பத்தாவது முறை யாரோ ஒருவர் வடைத்துண்டைக் கீழே தள்ளுவார். உளவியலாளர் ஸ்கின்னரின் வழி வந்தவர்கள் இதை நன்றாக விளக்கியிருக்கிறார்கள்: எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் எப்போதாவது கிடைக்கும் பரிசுதான் ஒரு பழக்கத்தைக் கல்லில் செதுக்கும். தமிழ்நாட்டில் லாட்டரியை 2003இல் தடை செய்துவிட்டார்கள். எங்கள் மேசைக்குக் கீழே அது நடந்துகொண்டிருந்தது. நிறுத்தினோம். நிறுத்திய முதல் வாரம் மூக்கன் முன்னைவிட அதிகமாகக் குரைத்தது, தட்டில் கால் வைத்தது. கூலி நின்றதும் பழக்கம் சாவதற்கு முன் ஒருமுறை வீறுகொண்டு எழும். பலர் அந்த வாரத்தில்தான் மனமிளகி ஒரு துண்டைப் போடுகிறார்கள். போட்டால், இவ்வளவு கத்தினால்தான் கிடைக்கும் என்று நாய் கற்றுக்கொள்கிறது. அந்த வாரத்தில் மனமிளகியவர் எங்கள் வீட்டில் யார் என்பதை எழுதினால் எனக்கு இரவுச் சாப்பாடு கிடைக்காது.

அமைதி ஒருவழிப் பாடமில்லை என்பதற்கும் சான்று உண்டு. ஸ்வீடன் நாட்டு லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தார் 58 நாய்களின் முடியையும் அவற்றை வளர்ப்பவர்களின் தலைமுடியையும் வெட்டிப் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். முடியில் தேங்கும் கார்டிசோல் என்னும் மன அழுத்தச் சுரப்பு, மாதக்கணக்கில், இருவரிடமும் ஒத்தே ஏறி இறங்கியிருந்தது. என் தலையில் மாதிரிக்கு எடுக்க முடி கிடையாது என்பதால் அந்த ஆய்வில் எனக்கு இடமில்லை. ஆனால் ஓய்வூதிய நிலுவை பற்றி ஓர் அலுவலகத்துக்கு நான் போன் செய்யும் நாட்களில், அழைப்பு நான்காவது மேசைக்கு மாற்றப்படுவதற்குள், பாயிலிருந்து எழுந்து ஹாலை வட்டமடிக்கத் தொடங்கிவிடும் மூக்கன். இப்போதெல்லாம் அந்த போனை மொட்டைமாடிக்குப் போய்ப் பேசுகிறேன்.

வாசல்மணிக்குக் குரைப்பதும் அடங்கிவிட்டது. மணிச்சத்தத்தை மொபைலில் பதிந்து, காதில் விழுந்தும் விழாத அளவில் வைத்து, ஒலித்ததும் பாயில் கறி. சிறிது சிறிதாகச் சத்தத்தைக் கூட்டினோம். மணியோடு பேர் சேர்ந்துவிட்ட விஞ்ஞானி பாவ்லோவ் 1904இல் நோபல் வாங்கியது செரிமானம் பற்றிய ஆய்வுக்கு. அந்த ஆய்வின் பயனும் எங்கள் வீட்டில் தெரிகிறது: மணி அடித்ததும் மூக்கன் பாய்க்கு ஓடுகிறது, வாயில் நீர் வழிய.

புறனடை

வெடிபடு நாளில் விதியெலாம் கெடுமே.

தீபாவளிக்குக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று அரசு நேரம் வகுத்திருக்கிறது. எங்கள் தெரு வகுத்துக்கொண்ட நேரம் வேறு. முதல் சரவெடிக்கே மூக்கன் நடுங்கத் தொடங்கிவிடும். கோழித்துண்டை மூக்கருகே வைத்தாலும் மோந்துகூடப் பார்க்காது. உண்ணாத நாய்க்குப் பாடம் இல்லை. அப்போது வகுப்பைக் கலைத்துவிட வேண்டியதுதான். பயந்த நாயை அணைத்தால் பயம் வளரும் என்று ஒரு கட்சி உண்டு. பயம் கூலிக்குச் செய்யும் வேலையா, கூலி கொடுத்தால் கூடுவதற்கு? அந்தக் கட்சியோடு நான் உரையாடுவதில்லை.

எங்கள் வீட்டில் சத்தம் குறைவாகக் கேட்கும் இடம் குளியலறை. ஜன்னலில் பழைய போர்வையைத் திணித்து, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, குழாயைச் சன்னமாகத் திறந்து வாளியில் விழவிட்டு, பாயை உள்ளே விரித்தோம். பாயில் மூக்கன், முக்காலியில் நான். போன வருடம் ஏழு மணிக்கு உள்ளே போனோம். அதன் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு, ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் ஏதாவது பேசிக்கொண்டே இருக்கலாம் என்று தோன்றியது. பேச என்ன இருக்கிறது? மனப்பாடமாக இருந்தது ஒன்றுதான். பொதுப்பாயிரத்தை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். நூலின் இயல்பு, ஆசிரியர் இயல்பு, ஆசிரியர் ஆகாதவர் நால்வர். வெளியே அணுகுண்டு ஒன்று வெடித்தபோது உடம்பு தூக்கிப்போட்டது; நான் நிறுத்தவில்லை. மாணாக்கர் இயல்பு முடிந்து, பாடம் சொல்லத் தகாதவர் பட்டியலுக்கு வந்தபோது மணி ஒன்பதரை இருக்கும். வெடி ஓய்ந்து, எங்கோ தூரத்தில் ஒற்றைச் சத்தங்கள் மட்டும். கள்வனைத் தாண்டி, சினத்தனைத் தாண்டி, துயில்வோன் என்று சொல்லிக் குனிந்து பார்த்தேன். தாடை என் செருப்பின்மேல் கிடக்க, மூக்கன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. பதினொன்றாம் வகுப்பில் இதே இடத்தில் 28 ஆண்டும் இதே பலனைத்தான் கண்டிருக்கிறேன். அன்றைக்கு மட்டும்தான் யாரையும் எழுப்பாமல் மேலே நடத்தினேன்.